ஆள்காட்டி கூப்பிட்ட பெயர்

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றாகவே இருந்தது. காகம் வாசலில் வந்து இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்கும். நண்டிடம் வழி கேட்டால் சொல்லும், சில நேரம் வேண்டுமென்றே தப்பாகவும் சொல்லும். ஆள்காட்டிக் குருவிக்கு அப்போது இந்தப் பெயர் கிடையாது. கடல்தண்ணீர் ஏறி இறங்கும் கழியின் ஓரத்தில் புழு பொறுக்கித் தின்றதால் கழிக்குருவி என்றுதான் அதைக் கூப்பிட்டார்கள். மெல்லிய குரலில் நிதானமாகப் பேசும் பறவை அது. இன்றைக்கு அதன் அலறலைக் கேட்டுக் காதைப் பொத்துகிறவர்கள் இதை நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நடந்ததை நான் சொல்கிறேன்.

கழி கடலோடு சேரும் இடத்தில், ஊருக்கு எதிர்க்கரையில், ஒரே ஒரு குடிசை இருந்தது. அதில் நம்பையா என்ற தோணிக்காரனும் அவன் மனைவி இருளாயியும் இருந்தார்கள். நம்பையாவின் அம்மாவும் கூட இருந்தாள், ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். பிள்ளை குட்டி இன்னும் இல்லை. அக்கம்பக்கம் என்று சொல்ல, குடிசைக்குப் பின்னால் சிப்பி மணலில் பள்ளம் பறித்து நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்த ஒரு கழிக்குருவிதான். அதன் ஆண் குருவியைப் பருந்து தூக்கிப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது.

அந்தக் கரையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது.

மாசி மாதம் கடலில் பனி இறங்கும். இறங்கினால் தோணிப் பாயின் நுனி கூடத் தெரியாது. அப்படிப்பட்ட நாளில் கரையில் நிற்கிறவர்கள் தங்கள் வீட்டு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கடலில் இருப்பவன் தன் பெயர் வரும் திசைக்குத் தோணியைத் திருப்புவான். பெயர் சொல்லாத குரலுக்குத் திருப்பவே மாட்டான். ஏனென்றால், பனிக்குள் கூப்பிடுவதெல்லாம் மனிதர்கள் இல்லை என்று அவர்கள் நம்பினார்கள். கடலில் மாண்டவர்கள் துணைக்கு ஆள் தேடி, "இங்க வா, இப்படி வா" என்பார்களாம். பழகின குரலிலேயே கூப்பிடுவார்களாம். பெயர் மட்டும் அவர்களுக்கு வராதாம். உப்புத்தண்ணீர் முதலில் கரைப்பது பெயரைத்தான் என்று அம்மாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

இன்னொரு வழக்கம், மனைவி புருஷன் பெயரை வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று அவன் ஆயுசு குறையும். அதனால் பனி நாளில் கூப்பிடுவது அம்மாக்களும், அப்பன்மாரும், பிள்ளைகளும்தான். மனைவிமார் பக்கத்தில் வாய்மூடி நிற்பார்கள். இந்த இரண்டு வழக்கத்தையும் யாரோ இரண்டு பேர் தனித்தனியாக யோசித்து வைத்திருக்க வேண்டும். ஒரே ஆள் யோசித்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான்.

அந்த மாசியில் ஒரு நாள் விடியற்காலை. கருவாட்டைக் கொடுத்து நெல் வாங்கி வர நம்பையா வடக்கே வடதுறைக்குக் கிளம்பினான். கரையை ஒட்டியே பாய் விரித்துப் போனால் வெயில் ஏறும்போது போய்ச் சேரலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பலாம். தண்ணீர் மேல் லேசாகப் புகை போலப் பனி நின்றது. இருளாயி கருவாட்டுக் கூடைகளைத் தூக்கிக் கொடுத்தாள்.

"பனி கட்டுச்சுன்னா நீதான் கூப்பிடணும் புள்ள" என்றான் நம்பையா.

"நானா? நல்லாருக்கே."

"அம்மா இல்ல. வேற யாரு இருக்கா இங்க?"

"வெயிலு வந்தா பனி தன்னால ஓடிரும். சும்மா பயங்காட்டாதீங்க."

"ஒரே ஒரு தடவ சொல்லிப் பாரு. கல்யாணம் கட்டி மூணு வருசமாச்சு, எம் பேரு உன் வாயில எப்படி இருக்குன்னு நான் கேட்டதில்ல."

இருளாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். நம்பையா சிரித்தான். முட்டை மேல் உட்கார்ந்திருந்த குருவியைப் பார்த்து, "நீயாவது கேட்டிருக்கியா குருவி?" என்றான்.

"தூக்கத்துல கூட இல்ல" என்றது குருவி.

"ரெண்டு பேரும் சேந்து பழகி வைங்க. வரும்போது உனக்கு ரெண்டு கை நெல்லு தாரேன்."

"எனக்குப் புழுவே போதும்."

"நெல்லும் தின்னு பாரு. போயிட்டு வாரேன்."

தோணி பனிக்குள் போனது. முதலில் அடிப்பக்கம் மறைந்தது, பிறகு அவன் முதுகு, கடைசியாகப் பாய். இருளாயி உள்ளே வந்து தண்ணீர்ப் பானையைத் திறந்தாள். அதற்குள் தலையை விட்டு அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. நினைத்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டு பானையை மூடினாள்.

வெயில் வரவில்லை. வெயில் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. உச்சிப்பொழுதுக்குப் பனி விலகும் என்று பார்த்தால், அப்போதுதான் அது இன்னும் கெட்டியானது. வடதுறையில் நெல் கொடுத்தவர் நம்பையாவைப் போகவேண்டாம் என்றார். "ராத்திரி இங்கயே தங்கு. நாளைக்கிப் பாத்துக்கலாம்."

"அவ தனியா இருக்கா" என்றான் நம்பையா. நெல் மூட்டையை ஏற்றிக்கொண்டு பாயை விரித்தான்.

கடற்காற்று இதமாகத்தான் இருந்தது. ஆனால் பாய் நனைந்து கனத்துத் தொங்கியது, அதிலிருந்து சொட்டிய தண்ணீர் அவன் கழுத்தில் விழுந்தது. கண்ணால் ஆகிற காரியம் ஒன்றுமில்லை. வலது காதில் கரை அலையின் சத்தத்தை வைத்துக்கொண்டு தெற்கே வந்தான். சத்தம் பெரிதானால் தோணியை வெளியே எடுத்தான், சின்னதானால் உள்ளே விட்டான். அவ்வப்போது கயிற்றில் கட்டிய கல்லை இறக்கி, ஏற்றி, கல்லில் ஒட்டி வருவதை விரலால் தேய்த்துப் பார்த்தான். மணல் வந்தது. மறுபடி மணல். கொஞ்ச தூரம் போனபின் சிப்பித் தூள். அப்புறம் கறுப்புச் சேறு வந்தது. கழி வந்துவிட்டது, வீடு வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது.

ஆனால் கழியின் வாய் குறுகலானது. நாற்பது முழம்தான் இருக்கும். அதற்குத் தெற்கே, தண்ணீருக்கு மேல் பாதியும் கீழே பாதியுமாக ஆனைப்பார் என்ற பாறைக் கூட்டம் கிடந்தது. வாயைத் தவறவிட்டால் நேரே அதில்தான் போய் ஏற வேண்டும். பனி விலகும்வரை நிற்கலாம் என்று நங்கூரக் கல்லைப் போட்டான். நீர் வற்றும் நேரம் அது, கழித்தண்ணீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கல் சேற்றில் நிற்காமல் வழுக்கியது. நிற்கவும் முடியாது என்று ஆனதும் கல்லை ஏற்றிவிட்டு, தோணியில் எழுந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டான்.

அப்போது ஒரு குரல் வந்தது. "ஏங்க. இங்கங்க. இப்படி வாங்க."

அச்சு அசல் இருளாயியின் குரல். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. அம்மா சொன்னது அப்படியே இருந்தது, பழகின குரல், இங்கே வா என்ற பேச்சு, பெயர் மட்டும் இல்லை.

"யாரா இருந்தாலும் பேரச் சொல்லு" என்று கத்தினான்.

கரையில் நின்ற இருளாயிக்கு அது நன்றாகக் கேட்டது. ஒரு கல்லெறி தூரத்தில்தான் இருக்கிறான். காலையிலிருந்து அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நான்தாங்க. இருளாயிங்க" என்றாள்.

"அவ பேரு கடலுக்கே தெரியும். நானே தினம் பாட்டுல சொல்லியிருக்கேன். எம் பேரச் சொல்லு."

இருளாயி வாயைத் திறந்தாள். பெயர் நாக்கு நுனியில் இருந்தது. ந என்ற எழுத்துக்கு நாக்கு மேலே கூடப் போய்விட்டது. அவன் ஆயுசு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று யாருக்குத் தெரியும், ஒருவேளை அந்த ஒரு தடவை அளவுதான் இருந்தால்? அவள் வாயை மூடிக்கொண்டாள். மறுபடி, "ஏங்க, சத்தியமா நான்தாங்க" என்றாள். அழுதாள். அழுகிற குரல் பனிக்குள் இன்னும் மோசமாகக் கேட்டது. நம்பையா சுக்கானைத் திருப்பி அந்தக் குரலை விட்டு விலகினான்.

துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் தள்ளிப் போவதைக் கேட்டதும் இருளாயி குடிசைக்குப் பின்னால் ஓடினாள். குருவியின் முன்னால் மணலில் விழுந்தாள்.

"குருவி, எனக்காக நீ அவரு பேரச் சொல்லு. ஒரு தடவ போதும். போறாரு, கேக்குதா, வெலகிப் போறாரு."

"நீயே சொல்லலாமே தாயி."

"நான் சொன்னா அவருக்கு ஆகாது. உனக்குத் தெரியாதா?"

குருவி முட்டைகளைப் பார்த்தது. கழியோரத்துச் செடிகளுக்குள் எங்கேயோ நரி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பனி நாள் நரிக்கு நல்ல நாள். இதுவரை அது இந்தப் பள்ளத்தைக் கண்டுபிடிக்காததற்கு ஒரே காரணம், குருவி பனி கட்டியதிலிருந்து மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்ததுதான்.

"சொல்லுறேன்" என்றது குருவி. இருளாயி அதன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

இந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டது. கழிக்குருவிகளுக்கு ஒரு பழக்கம், தாய் வழியாக வந்தது. முட்டை இருக்கும் இடத்திலிருந்து அவை உரக்கக் குரல் கொடுக்கவே கொடுக்காது. குரல் கொடுக்க வேண்டியிருந்தால் சத்தமில்லாமல் எழுந்து, தள்ளிப் போய், வேறு இடத்தில் நின்று கத்தும். கேட்கிறவன் அங்கே போய்த் தேடட்டும் என்றுதான். அந்தக் குருவி துரோகம் நினைக்கவில்லை. யோசிக்கவே இல்லை, அவ்வளவுதான். கூப்பிட வேண்டும் என்றதும் எழுந்தது, தாழப் பறந்து தெற்கே போனது, காலுக்குக் கெட்டியாக எது தட்டுப்பட்டதோ அதில் நின்றது. அது ஆனைப்பாரின் உச்சிக் கல்.

"நம்பையா" என்று கூப்பிட்டது. "நம்பையா. நம்பையா."

அதன் மெல்லிய குரல் பனியில் நனைந்து, ஒரு பெண்ணின் வெட்கப்பட்ட குரல் போல இருந்தது. கடலுக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அது நம்பையா. மூன்று வருஷம் கேட்டுக் கிடைக்காதது இப்போது கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டான்.

"வாரேன் புள்ள" என்றான். பாயின் கயிற்றை இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது.

சிரிப்பைக் கேட்டு இருளாயியும் சிரிக்கத் தொடங்கினாள். பிறகுதான் பெயர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவளுக்கு உறைத்தது. "அங்க இல்லங்க. இங்க. அங்க போகாதீங்க" என்று கத்திக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். பெயர் இல்லாத குரலை அவன் காதில் வாங்கவில்லை. பெயர் இருந்த பக்கம் போனான். காற்றும் அந்தப் பக்கமே தள்ளியது.

அப்போது அவளுக்கு ஆயுசும் நினைவில்லை, வழக்கமும் நினைவில்லை. "நம்பையா" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு சத்தம் போட்டதில்லை. கழிக்கு எதிர்க்கரையில் ஊர் முழுக்க அது கேட்டது.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பலகை பிளக்கும் சத்தம் வந்தது. பிறகு அலைச் சத்தம் மட்டும் இருந்தது.

பொழுது சாயும்போது, வேலை முடிந்தது போலப் பனி தானாக விலகியது. ஆனைப்பாரில் பாயின் கிழிசல் மாட்டியிருந்தது. பலகைகள் வந்தன, சுக்கான் வந்தது, மூட்டை கிழிந்து நெல் கரை நெடுக ஒதுங்கியது. நம்பையா வரவில்லை. மூன்று நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை.

எதிர்க்கரையிலிருந்து பெண்கள் தோணி ஏறித் துக்கம் கேட்க வந்தார்கள். அழுதார்கள். அழுது முடித்துத் திரும்பும்போது ஒருத்தி, "பேரச் சொல்லிட்டாளே, நான் என் காதால கேட்டேனே" என்றாள். "சொன்ன நிமிசமே போயிட்டான் பாத்தியா" என்றாள் இன்னொருத்தி. அதைக் கேட்டு மற்றவர்கள் தங்கள் வாயைத் தொட்டுக்கொண்டார்கள். பனியில் நடந்ததை முழுதும் இருளாயி சொன்னாள், யார் கேட்டார்கள்? அந்த ஊர்ப் பெண்கள் அதற்குப் பிறகு முன்னைவிட இறுக்கமாக வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு அந்தக் குருவி மேல் வராத கோபம் அவர்கள் மேல் வருகிறது. வந்து என்ன ஆகப்போகிறது?

எல்லோரும் போனபின் இருளாயி குடிசைக்குப் பின்னால் போனாள். குருவி முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. நான்கும் பத்திரமாக இருந்தன. அதன் கண்ணோரத்துத் தோல் அழுது அழுது சிவந்து தொங்கியிருந்தது. கரையில் நெல் ஒதுங்கிக் கிடந்தது, ஒரு மணியைக்கூட அது தொடவில்லை.

"ஏன் அங்க போயிக் கூப்பிட்ட?" என்று கேட்டாள்.

"முட்டை கிட்ட இருந்து கூப்பிட்டு எங்களுக்குப் பழக்கமில்ல தாயி."

இருளாயி இன்னும் ஓர் அடி கிட்டே வந்தாள். ஒரு மிதி போதும், நான்கும் போயிருக்கும். குருவியும் அதைத்தான் எதிர்பார்த்து, நகராமல் தலையைத் தாழ்த்தியிருந்தது. அவள் மிதிக்கவில்லை.

"எனக்கும் பழக்கமில்லாமப் போச்சு" என்றாள்.

குருவி தாழ்த்திய தலையை நிமிர்த்தியது.

"உடம்பு ஒதுங்கல" என்றாள் இருளாயி. "ஒதுங்காத வரைக்கும் எனக்கு ஒரு இது இருக்கு. நீ மேல பறக்குற, உனக்குத் தூரத்துல வாறது தெரியும். இனிமே இந்தக் கரையில யாரு வந்தாலும் எனக்குச் சொல்லு. அவரா இருந்தாலும் இருக்கும். நான் போதும்னு சொல்லுற வரைக்கும் சொல்லு."

"சொல்லுறேன் தாயி" என்றது குருவி. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு.

மறுநாள் காலையில் தூரத்தில் ஒரு தலை தெரிந்தது. குருவி முட்டையை விட்டு எழுந்து தள்ளிப் பறந்தது. ஆள் வருது என்று சொல்ல வாயைத் திறந்தது. வார்த்தை வரவில்லை. அதன் தொண்டையில் மிச்சமிருந்தது இருளாயி கடைசியாகக் கூப்பிட்ட அந்த அலறல் ஒன்றுதான். அது வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. இருளாயி வெளியே ஓடி வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். வந்தவன் உப்பு எடுக்கப் போகிறவன்.

அதன்பின் எத்தனையோ பேர் வந்தார்கள். வலைக்காரன், விறகு பொறுக்குகிறவள், வழி தவறினவன். ஒவ்வொரு தடவையும் குருவி அலறியது. ஒவ்வொரு தடவையும் இருளாயி வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு முடி நரைத்தது, பார்வை மங்கியது, வருகிறவன் கிட்டே வரும்வரை வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. குருவியின் குஞ்சுகள் வளர்ந்து தாயிடம் அந்த அலறலைக் கற்றுக்கொண்டன, அவற்றின் குஞ்சுகளும் கற்றுக்கொண்டன. சலிப்பில்லாமல் ஆளைக் காட்டிக் கொடுப்பதைப் பார்த்து ஊரார் அதற்கு ஆள்காட்டி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

பின்னொரு மாசியில், பனி இறங்கிய ஒரு நாளில், யாரோ கரையோரம் நடந்து வந்தார்கள். ஆள்காட்டி கத்தியது. குடிசையிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. கேட்கவில்லையோ என்று அது இன்னும் பலமாகக் கத்தியது.

அதனால்தான் இன்றைக்கும் ஆள்காட்டி ஆள் தலையைக் கண்டதும், பகல் இரவு பாராமல், கூட்டை விட்டுத் தள்ளிப் பறந்துபோய் இப்படி அலறுகிறது. போதும் என்று அதனிடம் சொல்ல வேண்டியவள் ஒருத்திதான், அவள் சொல்லாமலே போய்விட்டாள்.